குட்டி கொதித்த நாள்

"வண்டி கொதிச்சிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசாத கணவனிடமிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

அவள் அடுப்பை அணைத்தாள். திண்ணையிலிருந்த, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் தண்ணீர் கேனை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு கிளம்பினாள். சாயங்காலம் வண்டியைப் பார்க்க ஆள் வருகிறது. பிடித்துப் போனால் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவான்.

வண்டி என்றால், மண் தோண்டும் சின்ன இயந்திரம். குட்டி என்று பெயர். பெரிய வண்டிகள் மூச்சு முட்டி நிற்கும் சந்துகளில்கூடச் சமர்த்தாகப் புகுந்து பள்ளம் வெட்டிவிட்டு வரும். பிள்ளைகள் இருவரையும் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தது அதன் ஒற்றைக் கைதான். அதை விற்கப் போகிற விஷயம் அவளுக்கு யார் மூலம் தெரிந்தது? வாங்க வருகிறவன் போன் செய்து வழி கேட்டபோது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?"

"கேட்டா வேணாம்பே."

அதோடு இரண்டு பேர் வாய்க்கும் பூட்டு.

வேலை நடக்கும் வீட்டின் பக்கவாட்டுக் கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுத்தான் குட்டியை உள்ளே விட்டிருந்தார்கள். கழிவுநீர்க் குழாய்க்கான பள்ளம் பாதியில் நின்றது. பின்பக்க மூடியைத் திறந்து போட்டுக்கொண்டு குட்டி உஸ்ஸென்று மூச்சு விட்டது. அவர் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, எப்ப முடிப்பீங்க?" வீட்டுக்காரம்மா ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எங்க மாமியார் இந்தப் பக்கமாத்தான் நடப்பாங்க."

"இன்னிக்கு மட்டும் அந்தப் பக்கமா நடக்கச் சொல்லுங்க" என்றாள் இவள். பிறகு அவரைப் பார்க்காமலே கேட்டாள். "ரேடியேட்டர் மூடியில கை வைக்கலையே?"

"வைப்பேனா."

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவளுக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பு அவள் வாடகை வண்டிகள் விடும் ஆபீசில் போன் எடுக்கிற பெண். இவர் புதிதாகச் சேர்ந்த டிரைவர். முதல் வேலையிலேயே போன் செய்தார். "மேடம், வண்டி கொதிச்சிடுச்சு. மூடியைத் திறந்து தண்ணி ஊத்திடவா?" முன்பிருந்த டிரைவர் அப்படித் திறந்துதான் கையை வேக வைத்துக்கொண்டு போயிருந்தான். "திறக்காதீங்க. ஆறட்டும்" என்றாள். ஆனாலும் போனை வைக்க மனம் வரவில்லை. வைத்தால் திறந்துவிடுவாரோ என்ற பயம். அதனால் என்ன சாப்பிட்டார், வீட்டில் யார் யார், தங்கைக்கு என்ன வயது என்று இன்ஜின் ஆறும் வரை கேட்டுக்கொண்டே இருந்தாள். அடுத்த நாளும் வண்டி கொதித்தது. அதற்கடுத்த நாளும். "மத்த வண்டியெல்லாம் நல்லாத்தானே ஓடுது? கொதிக்கிறது இன்ஜினா, ஓட்டறவனா?" என்றார் முதலாளி. அவள் காது மடல் வரை சிவந்துபோனாள். பின்னாளில் அதே வண்டியை அந்த முதலாளியிடமிருந்தே வாங்கினார்கள்.

"ஆபீசு" என்றார் அவர். கல்யாணத்துக்குப் பிறகும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். "காலையில தண்ணி பாக்கலையா?"

ஆயிலும் கிரீஸும் அவர் பொறுப்பு. ரேடியேட்டர் தண்ணீர் அவள் பொறுப்பு. குடும்பம் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

"பேசாமத்தானே இருக்கோம், இன்னிக்கு நீங்களே பாத்துக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

"சண்டைன்னு சோறு போடாம இருந்தியா? இதையும் நீ பாத்திருப்பேன்னு நான் ஏறி உக்காந்துட்டேன்." சற்று யோசித்தார். "ஆனா ஒரு நாள் பாக்காததுக்கு இவ்வளவு வத்தாதே."

அவள் கேனின் மூடியைத் திருகினாள், திரும்ப மூடினாள்.

"ரொம்ப நாளாவே தண்ணி குடிக்குது. மழைக்கு முன்னாடியிருந்து. தினம் நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள போய் ஊத்திட்டு வந்துடுவேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா, கிழடாயிடுச்சு, வித்துடலாம்னுவீங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"நான் ஏன் விக்கறேன்னு நினைச்சே? விடியறதுக்கு முன்னாடி நீ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு கேனைத் தூக்கிட்டு வண்டிக் கொட்டகைக்குப் போறதை ஜன்னல் வழியா தினம் பாக்கறேன். இந்த வயசுலயும் இவளை இப்படிப் பாடுபடுத்தறோமேன்னு மனசு கேக்கலை."

விற்றுவிடக் கூடாதே என்று அவள் மறைத்ததே விலை பேசுகிற வரை கொண்டுவந்து விட்டிருந்தது.

"இதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"நீ மட்டும் சொன்னியா?"

இன்ஜின் ஆறியதும் அவர் துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகினார். அவள் குனிய முடியாமல் மண்ணிலேயே உட்கார்ந்து அடியில் பார்த்தாள். ரேடியேட்டரின் கீழ் ரப்பர் ஹோஸின் முனையில், அதை இறுக்கும் கிளாம்ப் கடிக்கிற இடத்தில், கூலன்ட் கசிந்து பச்சையாகப் பொருக்கு தட்டியிருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். முனையை வெட்டிட்டுப் புதுக் கிளாம்ப் போட்டா போதும்."

கருவிப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டார். அவள் கேனைச் சாய்த்துக் கூலன்டை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. வாங்க வருகிறவன். அவர் எடுக்கவில்லை, போனை அவளிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு. விக்கலாம்னாலும் சரி, வேணாம்னாலும் சரி."

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "வர வேணாம் தம்பி. வண்டி குடுக்கறதா இல்லை" என்றாள். மறுமுனை ஏதோ கேட்டது. "வேற ஒண்ணுமில்லை. வீட்டுல கலந்து பேசாம சொல்லிட்டாங்க."

அவர் சாவியைத் திருப்பினார். குட்டி இருமிவிட்டுச் சீராக ஓடத் தொடங்கியது. இருவரும் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது மெல்ல ஏறி, நடுவில் வந்து நின்றது.

"நாளையிலேருந்து தண்ணியை நான் பாத்துக்கறேன். நீ தூங்கு" என்றார்.

"அப்ப நான்?"

"ஆயில் குச்சியை உருவிப் பாரு. அதுக்குக் குனிய வேண்டாம்."

"கிரீஸையும் என் தலையில கட்டிடாதீங்க" என்றபடி அவள் வாளியை இழுத்துப் போட்டு, பள்ளம் தெரிகிற பக்கமாக உட்கார்ந்தாள்.