லுட்மிலாவின் பெயர் நாள்

செப்டம்பர் பதினாறாம் தேதி மதியம், அனுசூயா ஜாம் பாட்டிலைக் கழுவி, அதில் ரவா லட்டு நிரப்பிக்கொண்டு கீழ்வீட்டுக்கு இறங்கினாள். ஒருவர் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது அவளுக்கு ஆகாது.

பிரெஞ்சும் ஆங்கிலமும் புழங்கும் ரொக்ஸ்பரோவில் இருந்த அந்தக் கட்டடத்தில் பகலில் ஆள் இருக்கும் வீடுகள் இரண்டுதான். மேலே, மகன் வேலைக்குப் போனபின் தனித்திருக்கும் அனுசூயா. கீழே, கணவரை இழந்த செக் நாட்டு மூதாட்டி லுட்மிலா. இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள்.

தட்டுமுன்பே கதவு திறந்தது. லுட்மிலா நீலப் பட்டுச் சட்டை அணிந்து, உதட்டுச்சாயம் பூசியிருந்தார். மேசைமேல், உருளைக்கிழங்கும் முட்டையும் வைத்த ரொட்டித் துண்டுகள் ஒரு பெரிய தட்டு நிறைய. பக்கத்தில் தண்ணீர் மட்டும் ஊற்றிய பூச்சாடி.

"விருந்தாளி வராங்களா அக்கா?"

"இதுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது. ஞாபகம் இருக்கறவங்க பூவோட வருவாங்க."

சுவர்க் காலண்டரைக் காட்டினார். நம் காலண்டரில் நட்சத்திரம் இருக்கும் இடத்தில், அதில் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர். அந்தப் பெயர் உள்ளவர்களை அன்று வாழ்த்துவது அவர்கள் நாட்டு வழக்கம். இன்று லுட்மிலா.

"பழைய காலத்து அரசி ஒருத்தியோட பேர். பிறகு அவங்களைப் புனிதர் ஆக்கிட்டாங்க. 'மக்களுக்குப் பிரியமானவள்'னு அர்த்தம்." தட்டைப் பார்த்துச் சிரித்தார். "மக்களைத்தான் காணோம். இத்தனையும் நானே தின்னா இந்தக் கதவு எனக்குப் போதாது."

"ஒருத்தர்கூடவா வரமாட்டாங்க?"

"இந்த நாளைத் தெரிஞ்ச கடைசி சிநேகிதியைப் போன குளிர்காலத்துல அடக்கம் பண்ணினோம். என் வீட்டுக்காரர் லீடான்னு செல்லமா கூப்பிடுவார். கோபம் வந்தா முழுப்பேர். இப்ப டாக்டருக்கு நான் மதாம், பிரெஞ்சுல 'அம்மா'ன்னு சொல்ற மாதிரி. மருந்துக்கடையிலயும் மதாம். உனக்கு அக்கா. இன்னிக்கு யாராவது என் பேரைச் சொல்லிட்டாப் போதும்னு காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கேன்."

அனுசூயாவுக்குச் சுருக்கென்றது. விளக்கேற்றும்போதுகூட, 'கீழ்வீட்டு அக்கா நல்லா இருக்கணும்' என்றுதான் வேண்டுவாள்.

"எங்க ஊர்ல மூத்தவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். நாக்கே எழும்பாது."

"தெரியும். அதனாலதான் உன்கிட்ட கேட்கலை."

"ரெண்டு நிமிஷம் அக்கா, இதோ வரேன்."

மேலே ஓடினாள். ஜன்னல் தொட்டியில் ஒரே ஒரு செம்பருத்தி, மாலைப் பூஜைக்கென்று விட்டுவைத்தது. சாமி படத்தைப் பார்த்தாள். "உனக்கு நாளைக்கு," என்று சொல்லிப் பறித்தாள். கோபித்துக்கொள்கிற முகமாக அது தெரியவில்லை.

கீழே கதவு சாத்தியிருந்தது. அனுசூயா தட்டவில்லை. ஊரில் இருக்கும் மாமியார் கேட்டுவிடுவாரோ என்பதுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை உயர்த்தினாள்.

"லுட்மிலா!"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. கதவு திறக்கவில்லை.

"யாரது?" என்றது குரல். தெரியாமல் கேட்ட குரல் அல்ல. இன்னொரு முறை கேட்க விரும்பிய குரல்.

"லுட்மிலா! நான்தான், அனுசூயா. வாழ்த்துச் சொல்ல வந்திருக்கேன்."

கதவு திறந்தது. பூச்சாடிக்குப் பூ போயிற்று. லுட்மிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை நீட்டியபோதுதான், அதன் ஓரத்தில் தனியாக இருந்த துண்டுகளை அனுசூயா கவனித்தாள். அவற்றில் வெறும் வெண்ணெயும் தக்காளியும்தான். அவள் முட்டை தொடமாட்டாள் என்பது, மகனைத் தவிர, அந்தக் கட்டடத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.