நலம் என்றால் ஒன்று

எனெலெசி மக்காச்சோளம் இடித்துக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். வீட்டில் எல்லாரும் நலமா? நலம் என்றால் 1, யாருக்காவது காய்ச்சல் என்றால் 2 அனுப்பவும். சுகாதார அலுவலகத்திலிருந்து மாதாமாதம் வருவதுதான்.

உள்ளே பாயில் மகன் யாங்கோ காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தான். எனெலெசி 1 அனுப்பினாள்.

நாத்தனார் ஃபைனெசி எட்டிப் பார்த்தாள். "அண்ணி, பிள்ளை அடுப்பு மாதிரி கொதிக்கிறான். நல்லா இருக்கோம்னு போடுறீங்க?"

"கேட்ட உடனே நோயைத் தூக்கி மூஞ்சில எறியச் சொல்றியா? முதல்ல நல்லா இருக்கோம்னு சொல்லணும். அப்புறம் அவங்களே வேற என்ன விஷயம்னு கேப்பாங்க. அப்ப சொல்லிக்கலாம்."

"ஆமா, பாய் விரிச்சு உக்காந்து கேக்கப் போறாங்க!"

நன்றி என்று ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான். எனெலெசி இருட்டும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலையில் யாங்கோ கண் திறக்கவில்லை. அவனை முதுகில் கட்டிக்கொண்டு மருத்துவ நிலையத்துக்கு நடந்தாள். பெஞ்சு முழுக்கக் காய்ச்சல் பிள்ளைகளோடு அவள் ஊர்த் தாய்மார்கள்.

சுகாதாரப் பணியாளர் வைசன் காலி அலமாரியைத் திறந்து காட்டினார். "உங்க ஊர்ல காய்ச்சலே இல்லைன்னு மாசாமாசம் கணக்கு போயிருக்கு. மலேரியா மாத்திரையெல்லாம் பக்கத்து ஊருக்குப் போயிடுச்சு. ஒருத்தர் விடாம 1 போட்டிருக்கீங்களே!"

"வேற எப்படி டாக்டரய்யா பதில் சொல்றது?" என்றாள் எனெலெசி. "இப்ப நான் வந்ததும் எப்படி இருக்கீங்கன்னு உங்களைக் கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்கேன்னு." வைசன் நெற்றியைத் துடைத்தார். "எனக்கும் நேத்துலேர்ந்து காய்ச்சல்தான்."

ஃபைனெசி இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

வைசன் பக்கத்து ஊர் மருத்துவ நிலையத்துக்குப் போன் போட்டார். "எப்படிண்ணே இருக்கீங்க? நாங்க நல்லா இருக்கோம். அண்ணி சுகமா? அங்க மழை உண்டா?"

முதுகில் யாங்கோவின் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. எனெலெசி எட்டிப் போனைப் பிடுங்கினாள்.

"இங்க யாரும் நல்லா இல்லைங்க. பிள்ளைக்கு வலிப்பு வருது. மாத்திரை, ஊசி, எது இருந்தாலும் குடுத்தனுப்புங்க."

பெஞ்சிலிருந்த தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனெலெசிக்கு வெட்கமாக இருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

வெயில் ஏறுவதற்குள் மோட்டார் சைக்கிளில் மருந்து வந்தது. வைசன் முதல் ஊசியை யாங்கோவுக்குப் போட்டார். சாயங்காலம் அவன் தண்ணீர் கேட்டான்.

மருந்து கொண்டுவந்தவர் அதுவரை உதவிக்கு நின்றுவிட்டுக் கிளம்பும்போது எனெலெசி ஓடிப்போய் அவரை நிறுத்தினாள்.

"வந்தப்பவே கேக்கல, மன்னிச்சுக்குங்க. உங்க வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"