ஈடித்தின் கால் அளவு

வெல்ட்ரிங் மாளிகையைக் கட்டினது யாருன்னு கேட்டா சர் ஆம்ப்ரோஸ் ஹாலம்னு சொல்லணும். பதினோரு வருஷமா, செவ்வாயும் சனியும், மாடியில நீள மண்டபத்துல சம்பளமில்லாத தொண்டரா நின்னுக்கிட்டு, சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கு நான் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். அந்த ஆள் ஒரு செங்கல்லத் தூக்கியிருப்பாரா? அவர் பேரனுக்குப் பேரன் முகப்புக்கு மட்டும் வெள்ளைக்கல் போர்த்தினார். பின்பக்கம் போய்ப் பாருங்க, அதே பழைய செங்கல்தான்.

கூரை முழுக்க ஈயத் தகடு. அந்தக் காலத்துல விருந்து முடிஞ்சதும் பெரிய மனுஷங்க மேல ஏறி, புகைபோக்கிகளுக்கு நடுவுல உலாத்தி, மான் மேயறதப் பார்த்துக்கிட்டே இனிப்பு தின்பாங்க. ஈயம் மெத்துன்னு இருக்கும். ஷூவ வச்சு, சுத்தி ஆணியால கீறி, உள்ள பேரும் வருஷமும் போட்டுட்டு வர்றது வழக்கம். அப்படி நாப்பது தடம் இருந்துச்சு. அதுல ஒண்ணு சின்னது, பேர் கிடையாது, 1911ன்னு மட்டும் இருக்கும். அது எங்க தாத்தாவோட தங்கச்சி ஈடித் பார்ஜட்டரோடது. அவ இங்க வேலைக்காரி, வயசு பதினேழு.

போன வருஷம் கூரை ஒழுக ஆரம்பிச்சது. பழைய ஈயத்த உரிச்சு, உருக்கி, மறுபடியும் தகடா வார்க்கணும். முக்கியமான தடத்த மட்டும் வெட்டி எடுத்து, புதுத் தகட்டு மேல பதிப்பாங்களாம். பட்டியல் போட்டவர் கட்டடக்கலைஞர் ஃபென்விக். மொத்தம் ஒன்பது தடம், எல்லாம் ஹாலம் குடும்பமும் அவங்க விருந்தாளிகளும். சின்னதுரை ரூபர்ட் கீறினது முதல் இடத்துல. ஈடித் இல்ல. வியாழக்கிழமை மீதியெல்லாம் கொப்பரைக்குப் போகுது.

புதன்கிழமை காலையில அவர்கிட்ட போய் நின்னேன்.

"அது யாரோடதுன்னு ஆதாரம் இல்லையே, மேடம்," என்றார், தேநீர்க் கோப்பையை விட்டுக் கண்ணெடுக்காம. "வேலைக்காரங்க கூரைக்குப் போகவே கூடாதே அப்போ. போயிருந்தாலும் அது ஒருவிதத்துல சேதம்தான்."

"ரூபர்ட் கீறினது?"

"அது வரலாறு."

எனக்குக் கோபம் உச்சிமண்டை வரைக்கும் ஏறிடுச்சு. "மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடமா? அதே ஆணி, அதே ஈயம்! ஆதாரம்தானே வேணும்? இருங்க, வர்றேன்."

சமையலறை வழியில ஒரு கண்ணாடிப் பெட்டி. அதுக்குள்ள மிஸஸ் ட்ரஞ்சோட நோட்டு. அந்தக் காலத்துல பணிப்பெண்களுக்கெல்லாம் மேல இருந்த மகராசி. எப்பவும் பழப்பாகு செய்யற பக்கம்தான் திறந்திருக்கும். தூசி தட்டறவ நான், சாவி என்கிட்ட. நாலு பக்கம் தள்ளி விரிச்சு ஃபென்விக் மூக்குக்கு நேரா நீட்டினேன்.

"வாய்விட்டுப் படிங்க சார்."

படிச்சார். "கூரையில் புதிய கால்தடம். பணிப்பெண்கள் பன்னிரண்டு பேரின் ஷூக்களையும் கழற்றி அளந்தேன். பார்ஜட்டருடையது பொருந்தியது. இன்றே அனுப்பிவிட்டேன். நற்சான்றுக் கடிதம் தரவில்லை."

அந்தக் கடிதம் இல்லாம எந்த வீட்டுல சேர்ப்பாங்க? சாகற வரைக்கும் சலவைக்கூடத்துல சோடாக் காரத்தண்ணியில கை வெந்து கிடந்தா ஈடித். "அவளத் துரத்த இந்தத் தடம் ஆதாரமா இருந்துச்சு. அவ பேரச் சொல்ல மட்டும் ஆதாரம் இல்லையா? வெட்கமா இல்ல?"

அவர் காது சிவந்துபோச்சு. "சரி, வெட்டச் சொல்றேன். கீழ சமையலறையில வைப்போம். வேலைக்காரங்க பொருளெல்லாம் அங்கதானே இருக்கு, பொருத்தமா இருக்கும்."

"மேல ஏறினதுக்குத்தானே அவளத் துரத்தினாங்க! திரும்பவும் கீழயேவா?"

வாசல்ல நின்னு கேட்டுட்டிருந்த ஈய வேலைக்காரர் நோரிஸ் சிரிச்சுட்டார். "மேல இடம் நிறையக் கிடக்கு சார். ரூபர்ட் பக்கத்துலயே வச்சுடறேன். அக்கா விடற மாதிரி தெரியல."

வச்சார். தங்கமான மனுஷன்.

வேலை முடிஞ்சு, இந்த மே மாசம் கூரைக்குத் திறப்பு விழா நடத்தினாங்க. நன்கொடை கொடுத்த பெரிய மனுஷங்க கையில திராட்சை மதுவோட மேல போனாங்க. நானும் என் கோட்ட மாட்டிக்கிட்டு, சுவரோட சுவரா காகிதம் ஒட்டி மறைச்சிருக்கிற, வேலைக்காரங்க போற கதவத் தள்ளி, பின்படிக்கட்டுக்குப் போனேன். குறுக்கே சங்கிலி. புத்தம்புது அட்டை: 'பணியாளர்களுக்கும் தொண்டர்களுக்கும் அனுமதி இல்லை.'

நூத்திச் சொச்சம் வருஷம்! அட்டைதான் புதுசு, புத்தி அதேதான்!

எல்லாரும் இறங்கிப் போற வரைக்கும் காத்திருந்தேன். சங்கிலியக் கழட்டி வச்சுட்டு ஏறினேன். ஈடித் தடத்துப் பக்கத்துல, பளபளன்னு இருந்த புது ஈயத்துல, என் ஷூவ அழுத்தி வச்சேன். நோரிஸ் விட்டுட்டுப் போன ஆணி ஒண்ணு என் கோட்டுப் பையில இருந்துச்சு. முட்டி வலிக்க வலிக்கக் குனிஞ்சு, சுத்திக் கீறினேன்.

அவ தன் பேரப் போட பயந்துட்டா, பாவம். நான் போட்டேன். அவ தடத்துக்குள்ள 'ஈடித் பார்ஜட்டர்'. என் தடத்துக்குள்ள 'மாட் பார்ஜட்டர், நீள மண்டபம்'.

அளந்து பார்க்கணும்னா வரட்டும். செவ்வாயும் சனியும் இதே ஷூவோட அங்கதான் நிக்கறேன்.