சாவி எங்கே என்று கேட்கிறார்கள்

பழக் கிடங்கில் அக்காவும் தங்கையும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். அங்கே அவர்களைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியிலிட்டுக் குளிரறைக்குள் அடுக்க வேண்டும். குல்லாயும் முகமூடியும் மாட்டிக்கொண்டால் கண் மட்டுமே தெரியும். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டே பெரியவள் தங்கையிடம் ஊர்க்கதை முழுதும் பேசிவிடுவாள். மேனேஜர் வருகிறார் என்றால் ஒரு புருவம் ஏறும். அவர் புதுச்சட்டை போட்டு வந்திருந்தால் இரண்டும் ஏறும்.

முன்வாசல் பக்கம் குளிரூட்டும் குழாய் வெடித்து அம்மோனியா கசிந்த அன்று உள்ளே இருந்தவர்கள் பின்வாசலுக்கு ஓடினார்கள். அது வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. வேலை நேரத்தில் ஆட்கள் பின்னால் போய் நின்று அரட்டை அடிக்கிறார்கள் என்று பூட்டச் சொன்னவர் மேனேஜர். பெரியவள் ஒரு துணியை நனைத்துத் தங்கையின் மூக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

சின்னவளை முன்வாசல் வழியே வெளியே இழுத்துப் போட்டபோது மூச்சில்லை. தீயணைப்பு வீரர் ஒருவர் நெஞ்சை அழுத்தி அழுத்தித் திருப்பிக் கொண்டுவந்தார். பெரியவளும் கூட இருந்த மற்றவர்களும் திரும்பவில்லை. முன்வாசல் வழியாக ஓடிவந்த மேனேஜரும் அந்த நெடியில் விழுந்தார். அவருடைய இதயமும் ஆஸ்பத்திரியில் நின்று, பிறகு ஓடியது.

செத்துப் பிழைத்தவளிடம் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். அங்கே என்ன இருந்தது? சின்னவள் தலையை மட்டும் ஆட்டுவாள். ஒன்றுமே இல்லை. இருட்டுகூட இல்லை. இருட்டைப் பார்க்கவும் ஓர் ஆள் இருக்க வேண்டுமே. மனைவியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "அவ எங்கயோ நல்லாத்தான் இருப்பா, இல்ல?" என்று கேட்கும் அக்கா கணவரிடம், மாமாவிடம், அதை எந்த வாயால் சொல்வது? யாரிடமும் சொல்லவில்லை.

விசாரணையில் மேனேஜர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். கதவு திறந்துதான் இருந்ததாம். இழுக்க வேண்டிய கதவைப் பதற்றத்தில் தள்ளியிருப்பார்களாம். பூட்டைக் காணோம். பூட்டுப் போட்ட காவல்காரன் ஊரைவிட்டே போயிருந்தான். மிஞ்சியது சின்னவளின் வாய்ச்சொல். "மூச்சு நின்னு போனவங்களோட ஞாபகத்தை எப்படிங்க நம்பறது?" என்று மேனேஜரின் வக்கீல் மென்மையாகக் கேட்டார். அதோடு முடிந்தது.

அதற்கப்புறம்தான், மேனேஜர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் நடத்துகிறார் என்று கேள்விப்பட்டாள். துணிக்கடைக்கு மேலே ஒரு சின்னக் கூடம். பிள்ளையை, கணவனை, தாயைப் பறிகொடுத்தவர்கள் வருவார்கள். மரணத்துக்கு அப்பால் தான் கண்டதை அவர் சொல்வார்.

போனாள். அவரை அங்கேயே நாறடித்துவிட்டு வருவது என்று முடிவு செய்துதான் போனாள். கிடங்கில் முகமூடிக்குப் பின்னாலேயே இருந்தவளை, அவள் சாட்சி சொன்ன அன்று வராத அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"கிடங்குல செத்துப்போன எங்க ஆளுங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நின்னாங்க. ஒரு முகத்துலகூட கோபமில்ல. அதுல ஒரு அம்மா என் கையைப் புடிச்சு, 'உங்களுக்கு இன்னும் வேலை இருக்கு சார், போய்ட்டு வாங்க'ன்னு அனுப்பி வச்சாங்க," என்றார் மேனேஜர்.

கொன்றது போதாதென்று, செத்தவர்கள் வாயிலிருந்து மன்னிப்பையும் பிடுங்கி எடுத்துவிட்டார்! சின்னவள் எழுந்து கத்த வாயைத் திறந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"முதல் தடவையா? எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. அழுதுடுங்க."

அந்தப் பெண் கணக்கு டீச்சர். ஒரே மகன் ஆற்றில் போனவன். "இவர் பேச்சைக் கேக்கலேன்னா நானும் அவன் பின்னாலேயே போயிருப்பேன்," என்று சாதாரணமாகச் சொன்னாள், மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போல.

சின்னவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் விடவில்லை. ஆறப்போட்ட கோபம் ஆறாது, பழுக்கும். வாரம் தவறாமல் போனாள். நாற்காலி அடுக்கினாள், தண்ணீர் வைத்தாள். மேனேஜர் பேசும்போது கண்கொட்டாமல் பார்த்தாள். ஒன்றைக் கவனித்தாள்: அந்தச் சிரித்த முகங்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் மட்டும் அவர் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

ஒருநாள் கூட்டம் கலைந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"நானும் போய்ட்டு வந்தவதான் சார்."

முகம் மலர்ந்து, பக்கத்து அறைக்கு அழைத்துப்போனார். விரித்துப் போடாத துணிக்கட்டுகளுக்கு நடுவே இரண்டு முக்காலிகள். "எங்கேம்மா? எப்படி?"

"உங்க கிடங்குலதான். பின்வாசல் பக்கம். பெரியவளோட தங்கச்சி நான்."

அவர் எழுந்து ஓடுவார் என்று நினைத்தாள். அல்லது அதட்டுவார். இரண்டுமில்லை. முக்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ அவங்களைப் பாத்தியா?" என்று கேட்டார். "சிரிச்சாங்கன்னு நான் சொல்றது பொய்ம்மா. கதவுக்கு முகத்தைக் காட்டித் தட்டிக்கிட்டே நின்னாங்க. நான் வந்தது தெரிஞ்சதும் தட்டறதை நிறுத்திட்டு மொத்தமா திரும்பிப் பாத்தாங்க. அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் சிரிச்சாங்க, சிரிச்சாங்கன்னு ஊரைக் கூட்டிச் சொல்றேன். சொல்லச் சொல்ல அப்படியே ஆயிடாதான்னு." சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "நீயும் போனவதானே. அங்க ஒண்ணும் இல்ல, அதெல்லாம் மூளை காட்டின வேடிக்கைன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஒன்றும் இல்லை. நாக்கு நுனியில் நின்றது. அது உண்மையும்கூட. சொன்னால் இந்த ஆள் இன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார்.

சின்னவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"பாத்தேன் சார். இன்னும் கதவுகிட்டயேதான் நிக்கிறாங்க. உங்களுக்காகத்தான்."

"என்ன... என்ன கேக்கறாங்க?"

"சாவி எங்கன்னு கேக்கறாங்க. எங்க அக்காதான் முன்னால நிக்கிறா. நீங்க இங்கயே பதில் சொல்லிட்டா நல்லது. இல்லேன்னா அங்க வந்து நேர்ல சொல்லணும்."

அந்த வாரமே மேனேஜர் விசாரணை அதிகாரியிடம் போய் உட்கார்ந்துவிட்டார். பூட்டச் சொன்னது, ஆஸ்பத்திரியில் கண்விழித்ததுமே பூட்டைக் கழற்றி எறியச் சொன்னது, காவல்காரனை அனுப்பிவைத்தது, எல்லாவற்றையும் கக்கினார். வக்கீல் தடுத்தும் கேட்கவில்லை. கைது செய்தார்கள். கூட்டம் நின்றது.

சின்னவள் பயந்ததெல்லாம் டீச்சருக்காகத்தான். பயந்தபடியே டீச்சர் வீடு தேடி வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவர் சொன்னதெல்லாம் பொய்யாம். ஆனா நீங்க பாத்தீங்கன்னு வாக்குமூலத்துல சொல்லியிருக்காராம். என் பையன் அங்க இருந்தானா?"

உண்மையைச் சொன்னால் இவள் உடைந்துபோவாள். அதோடு அது சிறைவரை போய் அவரையும் அந்தப் பயத்திலிருந்து விடுவித்துவிடும். இரண்டில் எது தன் வாயைக் கட்டியது என்று சின்னவளுக்கே விளங்கவில்லை.

"உங்க பையனை நான் பாக்கல டீச்சர். எங்க ஆளுங்க மட்டும்தான்."

டீச்சர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு, "அவன் அங்க ஏன் வரப்போறான்," என்றாள். "குளிர்னாலே அவனுக்கு ஆகாது. வெயில் அடிக்கற பக்கமா போயிருப்பான்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். "ஒரு வாய் தண்ணி குடுங்க," என்றாள்.

ஒருவரை எரிக்க மூட்டிய தீயில் இன்னொருத்தி குளிர்காய்கிறாள். சின்னவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடிப்பதைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தாள்.

தீர்ப்பு நாளன்று மாமாவோடு நீதிமன்றத்துக்குப் போனாள். சிறைத்தண்டனை என்றார்கள். தாழ்வாரத்தில் மேனேஜரை அழைத்து வந்தபோது அவர் அவளைக் கண்டு நின்றார். சட்டை தொளதொளத்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன.

"எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. இப்பவாவது போயிட்டாங்களா?"

காவலர்கூட அவள் பதிலுக்காகக் காத்து நின்றார். இப்போது சொல்லிவிடலாம். அவர் கேட்பது மன்னிப்புக்கூட இல்லை, தூக்கம்.

பெரியவளின் கை நினைவுக்கு வந்தது. தட்டித் தட்டித் தோலுரிந்த கை. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணிக்கு வெளியே அது மட்டும்தான் தெரிந்தது.

"இல்ல சார்," என்றாள். "நிக்கிறாங்க."

அவரை அழைத்துப் போய்விட்டார்கள். மாமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெஜமாவே நிக்கிறாளா?" என்று மெல்லக் கேட்டார்.

"பசிக்குது மாமா. ஏதாவது சாப்பிடலாம்."

எதிரே இருந்த கடையில் உட்கார்ந்தார்கள். அக்கா போன பிறகு எது தின்றாலும் மண்ணாக இருந்த நாக்கில் அன்று உப்பும் உறைப்பும் தெரிந்தன. மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மாமா தன் தட்டைத் தொடவேயில்லை.