சுவருக்கு அடியில் போன பூ

ஃபவாஸ் அந்த வெளிர் டைல்ஸைக் கடைத் தரையில் வைத்துவிட்டு, சற்றுப் பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"இதையே எடுடா," என்றார் பக்கத்தில் நின்ற அண்ணன் வஹீப். "டைல்ஸ் பெருசா இருந்தா கோடு கொறையும். கோடு கொறைஞ்சா அறை பெருசாத் தெரியும். எல்லாம் கண்ணை ஏமாத்துற வித்தைதான்."

"மதினி உன்னை ஏமாத்துற மாதிரியா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். வஹீப் தம்பியின் பிடரியில் செல்லமாக ஒன்று வைத்தார்.

டைல்ஸ் போடப்போகும் அந்த வீட்டு அறையில்தான் ஃபவாஸின் மனைவி நுஹா பெண்களுக்கு முடி திருத்தும் கடை தொடங்கியிருந்தாள். ஒருத்தி கண்ணாடி முன் உட்கார்ந்தால், காத்திருக்கும் அடுத்தவளின் முழங்கால் சுவரில் முட்டும். வந்தவர்கள் மறுபடி வரத் தயங்கினார்கள். குவைத் வேலையை விட்டு பெய்ரூத்துக்குத் திரும்பிய நாளிலிருந்தே ஃபவாஸுக்கும் ஒரு குழப்பம். சிறுவயதில் அண்ணனும் அவனும் இதே அறையில் பந்து விளையாடியிருக்கிறார்கள். இவ்வளவு சின்ன இடத்தில் அது எப்படி முடிந்தது? கேட்டபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "சின்னப் பையனுக்கு எல்லாமே பெருசுதான்டா. நீ வளந்துட்டே, அறை வளரல." அது குடும்பத்து வேடிக்கைப் பேச்சானது. விருந்தாளிகளிடம் ஃபவாஸே அதைச் சொல்லிச் சிரிப்பான்.

பழைய பிளாஸ்டிக் விரிப்பின் மேலேயே டைல்ஸ் பதித்துவிடலாம் என்றும் வஹீப் சொல்லியிருந்தார். நுஹா கேட்கவில்லை. "பூஞ்சை நாத்தம் கொடலப் புடுங்குது. அதுக்கு மேல போட்டா நாளைக்கு ஒருத்தி வருவாளா?" என்று மூலையைப் பிடித்து இழுத்தாள்.

விரிப்பு கிழிந்து சுருண்டது. அடியில் பழைய பூப்போட்ட தரை கிடந்தது. நடுவில் சிவப்புப் பூக்கள், ஓரத்தில் பச்சைக் கொடி. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் எல்லா அறையும் அப்படித்தான், கம்பளத்துக்குக் கரை போல நாலு சுவரை ஒட்டியும் கொடி ஓடும். ஃபவாஸ் சந்தோஷமாகக் குனிந்து கொடியைத் தொடர்ந்து போனான். வாசல் பக்கம் இருந்தது. ஜன்னல் பக்கம் இருந்தது. அதற்கு எதிரே இருந்தது. அண்ணன் வீட்டையும் இவன் வீட்டையும் பிரிக்கும் சுவரருகே கொடி இல்லை. ஒரு சிவப்புப் பூ பாதியில் அறுபட்டுச் சுவருக்கு அடியில் போயிருந்தது.

"ஏங்க, இதென்ன..." நுஹா முடிக்கவில்லை.

ஃபவாஸ் அறுபட்ட பூவின் மேல் விரலை வைத்தான். அவன் குவைத்தில் இருந்தபோது அண்ணன் போன் செய்திருந்தார். ஈரத்தில் நடுச்சுவர் இடிந்துவிட்டது, நானே நின்று கட்டிவிட்டேன், உனக்குக் கவலை வேண்டாம். அன்று அவன் அழுதே விட்டான். அப்பா போன பிறகு தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர், சுவரையும் தூக்கி நிறுத்தியிருக்கிறார் என்று.

"கேட்டா ஏதாவது சொல்லுவாரு," என்றாள் நுஹா மெதுவாக. "நீங்களும் நம்புவீங்க."

அவன் செருப்பின்றிப் பக்கத்து வீட்டுக்குப் போனான். கதவு திறந்தே கிடந்தது. வஹீப் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"வாடா. பதிக்க ஆரம்பிச்சாச்சா?"

ஃபவாஸ் நடுச்சுவரை ஒட்டி மண்டியிட்டுக் கம்பள ஓரத்தைத் தூக்கினான். சிவப்புப் பூவின் மறுபாதி. அதற்கப்பால் வரிசையாய்ப் பூக்கள். இன்னும் சுருட்டினான். பச்சைக் கொடி வந்தது. கொடியைத் தாண்டி, பழைய சுவர் நின்ற இடம் சிமெண்ட் பூசிய தழும்பாய் நீண்டு கிடந்தது.

"அண்ணே," என்றான். குரல் எட்டு வயதுப் பையனுடையது போல வந்தது. "நான் சரியாத்தான் ஞாபகம் வெச்சிருந்தேன்."

கம்பளத்தின் மீதி, நாற்காலிக்கு முன் வஹீபின் பாதங்களுக்கடியில் சிக்கியிருந்தது. ஃபவாஸ் அதைப் பிடித்தபடி காத்திருந்தான். ஆரஞ்சுச் சாறு விரலிடுக்கில் வழிய, அம்மா தரை துடைக்க வரும்போது பிள்ளைகள் செய்வதுபோல, வஹீப் இரண்டு கால்களையும் மெல்ல நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார்.