தொப்பி போட்ட கோழி

மொன்டானாவில் பனி மூடிய காருக்குள்ளிருந்து ஆர்லின் பெக்ஸ்ட்ராம் பதினோரு ஆண்டுகள் உதவி கேட்டார். 1962 பிப்ரவரியில் ஒரு மத்தியானம் அவர் குரல் முதன்முதலாக அயோவாவின் டெல்வா ஊரில், லியோனா டைக்ஸ்ட்ராவின் சமையலறையில் இருந்த, அக்கம்பக்கத்தார் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் சிபி ரேடியோவில் கேட்டது. இருபது மைல் தாண்டாத அந்தப் பெட்டிகளில், வானம் மனம்வைத்தால், ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்தும் குரல் தாவி வரும். அப்படி வரும் குரலோடு பேசக் கூடாது என்பது சட்டம், பேசாதவர் யாருமில்லை. "கேக்குதுங்க, நல்லாவே கேக்குது" என்று லியோனா தொண்டை வறளக் கத்தினாள். அவருக்கு எதுவும் எட்டவில்லை. தன் அடையாள எண்ணையும் வீட்டு விலாசத்தையும் சொல்லி, எந்தச் சாலை என்றும் சொல்லி, "கதவு தெறக்க மாட்டேங்குது, யாராச்சும் இருக்கீங்களா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் கணவன் கெரிட் அந்தப் பக்கத்துப் போலீஸ் ஷெரிப்புக்கு டெலிபோன் போட்டான். சாலை திறந்ததும் காரைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே ஒரு ஜோடி கையுறை இருந்தது, ஆள் இல்லை. காரை இழுத்துப்போய்ப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அன்று மத்தியானமும் குரல் வந்தது, கதவு திறக்கவில்லை என்று.

இதற்கிடையில் லியோனா ஒரு தப்பு செய்திருந்தாள். ரேடியோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: தூரத்துக் குரல் ஒன்றைக் கேட்டால், கேட்டேன் என்பதற்குச் சாட்சியாகத் தன் படம்போட்ட அட்டையை அவர் விலாசத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அட்டைகளைச் சேர்த்துச் சுவர் நிறைய ஒட்டிவைப்பார்கள். கோழிக்குஞ்சுப் பண்ணை வைத்திருந்ததால் டைக்ஸ்ட்ராக்களின் அட்டையில் தொப்பி போட்ட கோழி. முதல் நாள், கை என்ன செய்வதென்று தெரியாமல் பழக்கத்துக்குப் போய்விட்டது. 'குரல் தெளிவு, சந்தோஷம், மறுபடி பேசுவோம்' என்று எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டாள்.

"சாகக் கெடக்குறவனுக்குக் கோழிப் படமா அனுப்பின? முட்டையும் ஒரு டஜன் வச்சு அனுப்பியிருக்கலாமே" என்றான் கெரிட். அந்த ஞாயிறு அவளால் கோயிலில் தலை நிமிர முடியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஆர்லினின் குரல் நடுவில் நின்றது. "ஒரு கார்டு வந்திருக்கு" என்றார். "கோழி. தொப்பி போட்டிருக்கு. லியோனா டைக்ஸ்ட்ரான்னு பேரு." அட்டையைத் திருப்பும் சத்தம் இரைச்சலுக்குள் கேட்டது. "அப்போ கேக்குது போல." அடுப்பில் சூப் தீய்ந்ததை யாரும் கவனிக்கவில்லை.

அதன்பின் கம்பளி அனுப்பினாள், தீப்பெட்டி அனுப்பினாள், டப்பா சூப் அனுப்பினாள். ஆளில்லை என்று எல்லாம் திரும்பி வந்தன. அட்டை மட்டுமே போய்ச் சேர்ந்தது. கண்ணாடியை உடையுங்கள் என்று அட்டையில் எழுதினாள். அவர் அதைப் படித்துவிட்டு, "ஒடச்சாச்சும்மா. அதுக்கு அப்பாலயும் பனிதான்" என்றார். பாதிரியார் அவருக்காக ஜெபிக்க விரும்பினார். நோயாளிகளோடு சேர்ப்பதா, இறந்தவர்களோடு சேர்ப்பதா என்று யோசித்து, வழிப்பயணிகளோடு சேர்த்துக்கொண்டார். சேதி பரவி, கென்டக்கியிலிருந்தும் டென்னஸியிலிருந்தும் முன்பின் அறியாதவர்கள் அட்டை அனுப்பினார்கள். வேறெதுவும் செய்ய யாருக்கும் வழியில்லை. ஆண்டுகள் போயின. லியோனாவுக்கு முழங்கால் வலி வந்தது, கெரிட்டுக்குக் காது மந்தமானது. ஆர்லினின் குரலுக்கு வயது ஏறவில்லை.

1973இல் ஒரு மாலை ரேடியோவின் முன் உட்கார்ந்து அவள் அழுதாள். "இத்தனை வருஷமாச்சு, அந்த ஒரு கதவைத் தெறக்க முடியலையே" என்றாள்.

"உன் கையில கதவு இல்ல லியோனா" என்றான் கெரிட். "கார்டுதான் இருக்கு."

அப்போது ஆர்லின் வந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "டைக்ஸ்ட்ராம்மா, நீங்க இருப்பீங்கன்னு தெரியும்" என்றார். "இனிமே நான் உதவி கேக்கப் போறதில்ல. கேட்டாச்சு, நீங்களும் கேட்டுட்டீங்க. சாப்பிட நேரமாச்சு, போங்க. எனக்குப் படிக்க இன்னும் கென்டக்கி பாக்கியிருக்கு."

அன்றுமுதல் அவர் உதவி கேட்கவேயில்லை. தினமும் அட்டைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார், விலாசத்தோடு. டெல்வாவில் வானிலை அறிக்கை கேட்பதுபோல் அதையும் கேட்டுக்கொண்டார்கள். அந்த முதல் மாலையில் லியோனா சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்துவைத்தாள். கென்டக்கி முடிந்து டென்னஸி தொடங்கியபோது கெரிட் ரொட்டியை அறுத்தான்.