மூன்றாம் வட்டில் இருந்த அடிக்குரல்

திலோமாய் வீட்டுக் கணினிச் சேமிப்புப் பெட்டியின் மூன்றாம் வட்டு பிழை காட்டத் தொடங்கிய காலையில் ரோபாட்டிக்குக் குரல் போய்விட்டது. சவாயீ தீவின் வாய்மோவானா ஊரில் யாரும் இதை அதிசயமாகப் பேசவில்லை. தேவாலயப் பாடகர் குழுவின் பாட்டுகளைப் பதிவுசெய்து, குரல் வகைக்கு ஒரு வட்டாக, நாலு வட்டுகளில் திலோமாய்தான் வைத்திருந்தாள்; இரண்டாவது நடுக்குரல், மூன்றாவது ரோபாட்டி ஒருவரே பாடும் அடிக்குரல். வட்டில் கெட்டால் தொண்டையிலும் கெடும் என்பது, நனைந்த தீப்பெட்டி பற்றாது என்பதுபோல அங்கே தெரிந்த விஷயம். கவலை வேறு. ஊரே கல் சுமந்து கட்டிய புதுத் தேவாலயத்துக்கு வரும் ஞாயிறு திறப்பு, தீவே வரப்போகிறது. ரோபாட்டி அடிக்குரல் எடுத்தால் கரையில் கட்டிய படகுகள் அசையும் என்று பக்கத்து ஊர்க்காரர்களே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரல் இல்லாத திறப்பு கூரை போடாத திறப்புதான்.

“மெதுவாவே பாரு தங்கச்சி. கல்யாணமானதுலேர்ந்து இப்பத்தான் என் வீட்ல நான் பேச முடியுது” என்றாள் திலோமாயிடம் ரோபாட்டியின் மனைவி மாசினா, குழுவில் நடுக்குரல் பாடுகிறவள். ஆனால் அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது. குழுத் தலைவர் பொறுமையில்லாதவர். “அந்த வட்டைத் தூக்கிக் கடாசும்மா. அபியா பட்டணத்துல புதுசு வாங்கிக்கலாம்” என்றார். புது வட்டில் ரோபாட்டி இருக்க மாட்டார். “தப்பு அதுமேலதான்னு பாக்காமலே சொல்லாதீங்கண்ணே” என்றாள் படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் திலோமாய். பெட்டி முன் சம்மணமிட்டு ஒரு சின்ன ஜெபம் சொன்னாள். பிறகு மூன்றாம் வட்டை இரண்டாவது இடத்திலும் இரண்டாவதை மூன்றாம் இடத்திலும் மாற்றிச் செருகினாள். பாயில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த ரோபாட்டியிடமிருந்து ஒரு பெருமுழக்கம் கிளம்பியது. வாசல் நாய் எழுந்து நின்றது. எதையோ சொல்லிக்கொண்டிருந்த மாசினாவின் பேச்சு பாதியில் நின்றுபோனது. “திலோமாய், இப்படியே விட்டுடும்மா, கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார்” என்றார் ரோபாட்டி, விட்டுவிட்டு வந்த குரலில். மாசினா செருப்பை எடுத்தாள்.

ஆக, வட்டு நல்லது, இடம்தான் சரியில்லை. திலோமாய் பெட்டியைத் திருப்பினாள். போன வருடம் குழு போட்டியில் ஜெயித்தபோது, பெரிய விருந்தாளிக்குச் செய்வதைப்போல, வீட்டுக்கு ஒன்றாகச் சிப்பி மாலை கொண்டுவந்து அந்தப் பெட்டிக்கும் போட்டிருந்தார்கள். கழற்றினால் போட்டவர்களுக்கு மரியாதைக் குறைவு என்று அவளும் விட்டுவைத்திருந்தாள். அந்தப் பாரம் பின்பக்கம் சரிந்து மூன்றாம் கேபிளைப் பாதி பிடுங்கியிருந்தது. முனை உப்புக்காற்றில் பச்சை பிடித்திருந்தது. கேபிளின் மேலேயே கிடந்தது மாசினா போட்ட மாலை, எல்லாவற்றிலும் கனமானது. திலோமாய் அதைப் பார்த்தாள். “பெட்டிக்கு ஒரே புழுக்கம் அக்கா, மாலையெல்லாம் இனிமே நானே போட்டுக்கறேன்” என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்கால ஜெபத்துக்கு ஊர் மாலைகள் அத்தனையும் கழுத்தில் கனக்கத் தலைகுனிந்து நடந்து போனாள்.

கேபிளை மாற்றி, வட்டுகளை அதனதன் இடத்தில் வைத்ததும் மாசினாவுக்குப் பேச்சு வந்தது. ரோபாட்டியின் குரலில் மட்டும் ஓட்டைகள் இருந்தன. இணைப்பு அறுந்து அறுந்து பதிவு எழுதியதில் மூன்றாம் வட்டு அங்கங்கே வெறுமையாகிவிட்டது. மற்ற மூன்று வட்டுகளிலிருந்தும் எடுத்து நிரப்ப வேண்டும், அது முடியும்வரை எல்லார் குரலும் கம்மிப்போகும் என்று திலோமாய் குழுவிடம் சொன்னாள். “எடுத்துக்க, எடுத்துக்க. ஞாயித்துக்கிழமை அந்த மனுஷன் முழுசா நிக்கணும்” என்றாள் மாசினா முதலில். மற்றவர்களும் தலையசைத்தார்கள். அது முடியும்வரை வாய்மோவானாவில் டாரோ கிழங்கு கைஜாடையில் விற்றது. ஜெபம் உதட்டசைவில் நடந்தது.

ஞாயிறன்று ரோபாட்டி பாடினார். படகுகள் அசைந்தன, பக்கத்து ஊர்த் தலைவர்கள் தாங்களாகவே எழுந்து நின்றார்கள். கூர்ந்து கேட்டவர்களுக்கு அந்த அடிக்குரலுக்குள் மாசினாவின் நடுக்குரலும், சிறுமிகளின் உச்சக்குரலும், குழுத் தலைவர் மூச்சு வாங்குவதும்கூடக் கேட்டன. இன்றுவரை அப்படித்தான் பாடுகிறார். பிறகு நடந்த விருந்தில் பரிமாறிய பெண்கள் அவர் முன்னால் நாலு தட்டு வைத்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நாலு குரலும் பாடியிருக்கின்றன, பசிக்காதா?